பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கும் முதலாளிமார்களே!



ஊரில் நம் உரிமைக்காக மேடை போடுகிறோம். அநீதி நடந்தால் வீதிக்கு வருகிறோம். நல்லதுதான். ஆனால், துபாயிலும் ஷார்ஜாவிலும் கடை வைத்திருக்கும் நம்மவர்களில் சிலர், ஊரிலிருந்து அழைத்துப்போன பையனை எப்படி நடத்துகிறார்கள்?

விமானத்தை விட்டு இறங்கியதும் அவன் பாஸ்போர்ட் முதலாளியின் மேஜைக்குள் போய்விடும். விசாச் செலவு என்று மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம். காலை எட்டு மணிக்குத் திறந்த கடையை இரவு பதினொன்றுக்குத்தான் சாத்த வேண்டும். கேட்டால், "நம்ம ஊர்ப் பையன்தானே, தங்க இடமும் சோறும் கொடுக்கிறோமே!" என்பார்கள்.

சோறு போட்டுவிட்டால் சட்டம் ஓடிவிடுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

அமீரகத்தில் 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் அமலில் இருக்கிறது. தொழிலாளியின் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கக்கூடாது. ஆள் எடுத்த செலவை நேராகவோ, சுற்றி வளைத்தோ அவனிடம் வாங்கக்கூடாது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் வாங்கினால் 25 சதவீதம் கூடுதல் கூலி. இரவு 10 மணிக்கு மேல் அதிகாலை 4 மணிக்குள் என்றால் 50 சதவீதம்!

ஒரு வருடம் முடித்தவனுக்குச் சம்பளத்துடன் 30 நாள் விடுப்பு. வேலையை விட்டுப் போகும்போது, முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடை. கணக்கை 14 நாளில் முடித்துக் கொடுக்க வேண்டும். இது தர்மம் அல்ல, அவனுடைய பணம்.

விசிட் விசாவில் வரவழைத்து, "கொஞ்ச நாள் நில், பிறகு பார்க்கலாம்" என்று வேலை வாங்குவோரே! அனுமதியின்றி ஆள் வைத்தால் 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் கடையை விற்றாலும் அது தேறுமா?

"ஓடிவிட்டால் என்ன செய்வது?"

பாஸ்போர்ட்டை வாங்கி வைப்போர் சொல்லும் சமாதானம் இது. ஒழுங்காகச் சம்பளம் கிடைக்கும் கடையை விட்டு எவன் ஓடுகிறான்? விலக நினைப்பவன் ஒப்பந்தப்படி 30 முதல் 90 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று சட்டமே உங்களுக்குப் பாதுகாப்புத் தந்திருக்கிறது. அது போதாது என்று மனிதனையே அடமானம் பிடிப்பது எந்த வியாபாரம்? கட்டுப்படியாகவில்லை என்றால் ஆளைக் குறையுங்கள், கூலியைக் குறைக்காதீர்கள்.

இளைஞனே, உனக்கும்!

வேலை உத்தரவாதக் கடிதத்தை உனக்குப் புரியும் மொழியில் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. "மாமா கடைதானே" என்று வாய்ப்பேச்சை நம்பிப் பறக்காதே. சம்பளம் நின்றால் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் செய். 1 லட்சம் திர்ஹம் வரையிலான வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கிடையாது.

வியாபாரிகளே! வியர்வை உலர்வதற்குள் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்துக்குச் சொந்தக்காரர்கள் நாம். அமீரகத்தின் அபராதத்துக்கு அஞ்சித்தானா நாம் திருந்த வேண்டும்? இன்றே மேஜையைத் திறந்து, அவன் பாஸ்போர்ட்டை எடுத்து அவன் கையில் கொடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்!