இருட்டில் நாய்க்குக் கண் தெரிகிறதா? பார்வை தந்த ஊசிக்குப் பின்னால் ஒரு 20 நிமிட சோதனை

படம் தொடங்கிய பிறகு தியேட்டருக்குள் நுழைந்தால் முதலில் எதுவுமே தெரியாது. செல்போன் டார்ச் அடித்துத்தான் சீட்டைத் தேட வேண்டும். கொஞ்ச நேரம் போனால் பக்கத்து வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வரை தெரிந்துவிடும். கண் இருட்டுக்குப் பழகுவது இப்படித்தான்.

ஒரு நாயின் கண்ணில் இது சரியாக நடக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துப் பலகையைக் காட்டி 'கடைசி வரியைப் படி' என்று அதனிடம் கேட்க முடியாதே! ஆனால் அதற்கும் ஒரு வழி இருக்கிறது. பிறவியிலேயே பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஒரு சிகிச்சை பிறந்ததில் அந்த அளவீட்டுக்கும் பங்கு உண்டு.

இருட்டில் கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. பகல் வெளிச்சத்துக்கும் நிறங்களுக்கும் கூம்பு செல்கள்; மங்கலான வெளிச்சத்துக்குக் குச்சி செல்கள். குச்சி செல்களில் ரொடாப்சின் என்ற நிறமி இருக்கிறது. வெளிச்சம் பட்டால் அது நிறமிழந்து செயலிழக்கும். இருட்டில், வைட்டமின் ஏ-யிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு மறுபடி உருவாகும். மனிதர்களுக்கு இது முழுமையடைய அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம்.

எப்படி அளக்கிறார்கள்?

சோதனையின் பெயர் எலெக்ட்ரோரெட்டினோகிராஃபி, சுருக்கமாக இஆர்ஜி. இதயத்துக்கு ஈசிஜி மாதிரி, விழித்திரைக்கு இது. நாய்க்கு மயக்க மருந்து கொடுத்து, கண்மணி விரியச் சொட்டு மருந்து விட்டு, காண்டாக்ட் லென்ஸ் போன்ற மின்முனையைக் கண்ணில் வைக்கிறார்கள். பிறகு அறையை இருட்டாக்குகிறார்கள்.

கால்நடைக் கண் மருத்துவ நிபுணர்கள் 2002-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இருட்டில் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். நடுநடுவே மிக மங்கலான ஒளியை ஒரு கணம் மின்னவிட்டு, விழித்திரை தரும் மின் பதிலைப் பதிவு செய்கிறார்கள். ஆரோக்கியமான கண் என்றால், அதே ஒளிக்கு நேரம் போகப் போக அலை பெரிதாகும். கோடு தட்டையாகவே இருந்தால் குச்சி செல்கள் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்பும் இதைச் செய்வார்கள். விழித்திரையே செயலிழந்திருந்தால், புரையை அகற்றியும் பலன் இல்லை.

லான்சலாட் என்ற நாய்

பிரியார்டு இன நாய்கள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே பார்வைக் கோளாறு இருந்தது. ஆர்பிஇ65 என்ற மரபணுவில் உள்ள பிழைதான் காரணம் என்பது 1990-களின் இறுதியில் தெரியவந்தது. ரொடாப்சினை மறுபடி உருவாக்கத் தேவையான பொருளைத் தயாரிக்கும் மரபணு அது. மனிதர்களில் இதே மரபணு பழுதானால், குழந்தைப் பருவத்திலேயே பார்வை பறிபோகும்.

பென்சில்வேனியா, கார்னெல், ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுதில்லாத மரபணுவைத் தீங்கற்ற வைரஸில் ஏற்றி, மூன்று நாய்களின் விழித்திரைக்கு அடியில் செலுத்தினார்கள். அவற்றில் ஒன்றுதான் லான்சலாட். முடிவு 2001-ல் வெளியானது. முன்பு கிட்டத்தட்ட தட்டையாக இருந்த இஆர்ஜி கோட்டில் அலை எழுந்திருந்தது. நாய் தடைகளில் மோதாமல் நடப்பது பழக்கத்தாலா, பார்வையாலா என்று சந்தேகப்படலாம். இந்த அலையைப் பழக்கத்தால் வரவழைக்க முடியாது.

மனிதர்களுக்கு என்ன கிடைத்தது?

2007-ல் மனிதர்களிடம் சோதனை தொடங்கியது. லக்ஸ்டர்னா என்ற மருந்துக்கான இறுதிக்கட்ட ஆய்வில், தடைகள் வைத்த பாதையில் வெவ்வேறு வெளிச்சத்தில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற 20 பேரில் 13 பேர் ஓராண்டுக்குப் பின், நைட் லேம்ப் அளவிலான 1 லக்ஸ் வெளிச்சத்திலும் தேறினார்கள். சிகிச்சை பெறாத தரப்பில் ஒருவர்கூட அதில் தேறவில்லை. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்டிஏ ஒப்புதல் அளித்தது. அறிமுகமானபோது விலை இரு கண்களுக்கும் 8.5 லட்சம் டாலராக இருந்தது!

அப்போ, முழுசா குணமாகிவிடுமா?

இல்லை. அதைச் சொன்னதும் இருட்டு அளவீடுதான். இதே மரபணுவுக்கான வேறொரு ஆரம்பகட்ட ஆய்வில், சிகிச்சை பெற்ற கண்களைப் பிரகாசமான ஒளிக்குப் பின் இருட்டில் வைத்துச் சோதித்தார்கள். சாதாரணக் கண் ஒரு மணி நேரத்துக்குள் முழுமையாக மீளும். சிகிச்சை பெற்ற கண்ணுக்கு 8 மணி நேரமோ அதற்கு மேலோ ஆனது. பார்வை வந்தது நிஜம். ஆனால் குச்சி செல்கள் மீளும் வேகம் வரவில்லை. வெளிச்சத்தில் மட்டும் சோதித்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. விழித்திரை மெல்லப் பழுதாகும் பரம்பரை நோய்கள் பலவற்றில், முதலில் மங்குவது இரவுப் பார்வைதான். பகலில் துள்ளி ஓடும் நாய், விளக்கை அணைத்ததும் படி இறங்கத் தயங்கினால் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாதீர்கள். ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் கண்ணைக் காட்டிவிடுங்கள்.