ஷொக் அப்சோபரும் நமது சிக்கனமும்

எனது பழைய பிக்அப் வாகனத்தின் பின்பக்க ஷொக் அப்சோபர் ஒன்றில் எண்ணெய் கசிந்திருந்தது. "ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் ஐயா. பஞ்சிகாவத்தையில் பாவித்தது மலிவாகக் கிடைக்கும்" என்றார் கராஜ்காரர். நண்பர்களும் அதையே கூறினர். நான் இணங்கவில்லை.

ஷொக் அப்சோபர் சொகுசுக்கான பொருள் என்ற எண்ணமே இந்த அலட்சியத்தின் வேர். வாகனத்தின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அதன் துள்ளலை அடக்குவதே ஷொக் அப்சோபரின் வேலை. உள்ளிருக்கும் பிஸ்டன் சிறு துளைகளினூடாக எண்ணெயைத் தள்ள, துள்ளலின் சக்தி வெப்பமாகக் கரைகிறது. எண்ணெய் கசிந்தால் சக்கரம் வீதியை விட்டெழும். வீதியில் பதியாத சக்கரத்தால் எந்தப் பிரேக்கும் வாகனத்தை நிறுத்தாது. பாரமேற்றாத பிக்அப்பின் பின்புறமோ இலேசானது. ஈரமான வளைவில் அது எளிதில் வழுக்கும். ஒருபுறம் புதியது, மறுபுறம் தேய்ந்தது என்றால் இரண்டும் ஒரேயளவில் அடக்கா. ஆகவே ஓர் அச்சிலுள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். பாவித்ததன் உள்ளே சீல் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதை வெளியே பூசிய வர்ணம் சொல்லுமா?

2020 முதல் 2025இன் ஆரம்பம் வரை தனியார் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தது. பழைய வாகனங்களே நமக்குக் கதியாயின. வருடந்தோறும் புகைப் பரிசோதனைக்கு வரிசையில் நிற்கிறோம். அப்பரிசோதனை ஷொக் அப்சோபரைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அரசு கேட்காததை நாமும் கேட்பதில்லை.

புதியவை இரண்டையும் வாங்கிப் பூட்டினேன். விலை கையைக் கடித்தது உண்மையே. ஆனால் வீதியைக் கடக்கும் பிள்ளையின் உயிரில் சிக்கனம் பிடிக்க எனக்கு உரிமையில்லை. உங்களுக்கும் இல்லை.