உரக்கடை கன்சல்டன்ட்

கன்சல்டன்ட் என்றதும் ஏ.சி. ரூமில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஆசாமிதான் பலருக்கு ஞாபகம் வரும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் அவர் உட்கார்ந்திருப்பது உரக்கடையில். புழு அரித்த மக்காச்சோளக் குருத்தைப் பிடுங்கிக்கொண்டு வருவார் விவசாயி. "அண்ணே, இதுக்கு என்ன அடிக்கலாம்?" கடைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு இரண்டு பாட்டிலை எடுத்து வைப்பார். ஆலோசனை இலவசம், காசு பாட்டிலுக்கு மட்டும். சிக்கலே அங்கேதான்!

2018 மே மாதம் கர்நாடகத்தில் படைப்புழு கண்டுபிடிக்கப்பட்டது. அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. அதே ஆண்டு மானாவாரிப் பட்டத்தில் இந்த இரண்டு மாவட்ட மக்காச்சோளத்தையும் மேய்ந்துவிட்டது. அதுவரை யாரும் பார்த்திராத புழு என்பதால், கடைக்காரர் சொன்னதுதான் வேதவாக்கு.

இந்தப் புழு குருத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு தன் எச்சத்தாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். பெரிதான பிறகு மேலாக மருந்தடித்தால் அதற்குக் குளித்த மாதிரிதான் :) கடைசி உழவில் எக்டேருக்கு 250 கிலோ வேப்பம்புண்ணாக்கு, இனக்கவர்ச்சிப் பொறி, வரப்பில் தட்டைப்பயறு, பயிர் சின்னதாக இருக்கும்போதே குருத்துக்குள் இறங்குகிற மாதிரி மருந்து... இதுதான் வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் வழி. இந்த வரிசையில் பாட்டிலுக்கு ஒரே ஒரு இடம்தான். முற்றிய புழுவோடு ஒருவர் வந்தால் "இனிமே அடிச்சுப் பிரயோஜனம் கம்மிங்க, காசை வீணாக்காதீங்க" என்று சொல்பவர்தான் நல்ல கன்சல்டன்ட். சொன்னால் அன்றைய வியாபாரம் போச்சு.

கடைக்காரரை வில்லனாக்குவதும் நியாயமில்லை. விதைப்பு நேரத்தில் கடன் கொடுப்பவரும் அவர்தான். வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் இருக்கின்றன. பாட்டில் விற்றுப் பிழைக்க வேண்டிய அவசியமில்லாத ஆட்கள். ஆனால் காலையில் புழுவைப் பார்த்தவர் போய் நிற்பது பக்கத்துக் கடைவீதியில்தானே? இது தெரிந்துதான் ஐதராபாத்தின் மேனேஜ் நிறுவனம் 2003-லேயே கடைக்காரர்களுக்கென்று ஓராண்டு டிப்ளமோவைத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆனால் படிப்பு அறிவைக் கொடுக்கும், லாபம் எங்கிருந்து வருகிறது என்பதை மாற்றாது.

கம்பெனிகள் ஊருக்குள் நடத்தும் விவசாயிகள் கூட்டங்களிலும் இதே கதைதான். மைக்கைப் பிடித்துப் பேசுகிறவருக்குச் சம்பளம் கொடுப்பது கம்பெனி, கேட்டுவிட்டுச் செலவழிப்பது விவசாயி. அப்படியானால் பேச்சாளரின் வாடிக்கையாளர் யார்?

பணம் போடுகிறவர்கள் விஷயத்தில் இதற்கு ஒரு பதில் வந்துவிட்டது. செபி 2013-ல் முதலீட்டு ஆலோசகர்களுக்கு விதி கொண்டுவந்தது, 2020-ல் இறுக்கியது. ஒரே வாடிக்கையாளரிடம் ஆலோசனைக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, திட்டத்தை விற்றுக் கமிஷனும் பார்க்க முடியாது. மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடுகிறவருக்கு இருக்கிற பாதுகாப்பு, மக்காச்சோளத்தில் பணம் போடுகிறவருக்கு ஏன் இல்லை?

கடையையும் ஆலோசனையையும் பிரிப்பது கிராமத்தில் நடக்காத காரியம். டாக்டர் மாதிரி ஒரு சீட்டாவது எழுதிக் கொடுக்கலாம். என்ன புழு, பயிருக்கு எத்தனை நாள், என்ன அளவு, கடையில் விற்காத எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று. அடுத்த தடவை அந்தச் சீட்டோடு விவசாயி வாலிகண்டபுரத்துக்கே போய் "இது சரியாங்க?" என்று கேட்கட்டுமே.