ஓர் ஆட்டத்தோடு முடிந்துபோகும் பருவம்



இன்று சற்றுக் காரமாகவே எழுதப் போகிறேன். யார் மனத்தையும் புண்படுத்துவது நோக்கமன்று. ஆனால், புண் எங்கே இருக்கிறது என்று காட்டாமல் மருந்து போட முடியாது.

ஈராண்டுகளுக்கு முன் தமிழ்ப்பள்ளிகளுக்கிடையிலான காற்பந்துப் போட்டி ஒன்றுக்கு எங்கள் பள்ளிக் குழுவை அழைத்துச் சென்றேன். இரண்டு மாதப் பயிற்சி. குழுவில் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பட்டணத்து மலிவுவிலை அடுக்குமாடிப் பிள்ளைகளும் இருந்தார்கள். சட்டைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பணம் கொடுத்தது. காலை ஒன்பது மணிக்கு முதல் ஆட்டம். இருபது நிமிடத்தில் நான்கு கோல் வாங்கித் தோற்றோம். தோற்றவர் உடனே வெளியேற வேண்டும் என்பது போட்டி விதி. ஆகவே எங்கள் கதை அங்கேயே முடிந்தது. பின்னர் பரிசளிப்பு வரை கூடாரத்தில் காத்திருந்து பிரமுகர்களின் உரைகளைக் கேட்டோம். பிள்ளைகள் ஆடியது இருபது நிமிடம். உரை கேட்டது நாற்பது நிமிடம்!

வேனில் திரும்பும்போது ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, நமக்கு அடுத்த ஆட்டம் எப்போது?"

"அடுத்த ஆண்டு" என்றேன்.

அந்த அடுத்த ஆண்டும் வந்தது. அவன் ஆறாம் ஆண்டு. சனிக்கிழமை காலையில் பிரத்தியேக வகுப்பு இருப்பதால் மகனைப் பயிற்சிக்கு அனுப்ப இயலாது என்று அவன் தாயார் சொல்லிவிட்டார். இன்று அவன் முதலாம் படிவத்தில் பயில்கிறான். அண்மையில் கடைத்தெருவில் கண்டேன். இடைநிலைப் பள்ளிக் குழுவுக்கான தேர்வுக்குப் போனாயா என்று கேட்டேன். "போகவில்லை ஐயா. மற்றவர்கள் எல்லாம் நிறைய ஆடியிருக்கிறார்கள். நான் ஓர் ஆட்டம்தானே ஆடினேன்" என்றான்.

ஆறாண்டுத் தமிழ்ப்பள்ளி வாழ்க்கையில் ஓர் ஆட்டம். இருபது நிமிடம். இதற்கு யார் பொறுப்பு? குற்றவாளிக் கூண்டில் முதலில் நானே ஏறுகிறேன். போட்டியில் தோற்ற மறுவாரமே பயிற்சியை நிறுத்தி, பந்துகளை விளையாட்டு அறையில் வைத்துப் பூட்டியவன் நான்தான்.

நம் மேடைகளில் பழம்பெருமைக்குக் குறைவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழு ஐக்கிய அமெரிக்காவை 3-0 என்று வென்றதையும், அக்குழுவுக்கு மு. சந்திரன் தலைவராக இருந்ததையும் சொல்வோம். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் கம்பத்தைக் காத்ததையும், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றும் நாடு புறக்கணித்ததால் அவர் அங்கே ஆட முடியாமற் போனதையும் சொல்வோம். 2010இல் கே. ராஜகோபால் பயிற்றுவித்த குழு இந்தோனேசியாவை வீழ்த்தி ஆசியான் கிண்ணத்தைக் கொண்டுவந்ததையும் சொல்வோம். எல்லாம் உண்மை, எல்லாம் பெருமை. ஆனால், அந்தப் பெயர்களை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொள்ளும் நாம், நம் பிள்ளைக்கு இரண்டாவது ஆட்டம் ஒன்றைக் கொடுத்தோமா?

மேலே கட்டினால் கீழே தானாக வளரும் என்று நம்பினோம். மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் வழி வந்த குழு 2019இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்கில் கால் வைத்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். 2022 பருவத்தில் வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவரும் இல்லாமல் உள்நாட்டு இளைஞர்களைக் கொண்டே 22 லீக் ஆட்டங்களையும் ஆடிக் காட்டியது. அந்தப் பருவம் முடிந்ததும் லீக்கிலிருந்து விலகிக்கொண்டது. அதே வேளையில் நம் மாநிலத்தின் மலாக்கா யுனைடெட், சம்பளப் பாக்கிச் சிக்கலால் 2023 பருவத்துக்கான உரிமத்தை இழந்தது. 2015இல் எஃப்.ஏ.எம். லீக்கையும் 2016இல் பிரீமியர் லீக்கையும் வென்று ஏறிய குழு அது! ஹங் ஜெபாட் அரங்கத்துக்குத் தந்தையரோடு போய்க் கைதட்டிய நம் பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு கதவுகள் அடைபட்டன. மேலே உள்ளது பணம் இருக்கும் வரைதான் நிற்கும். அது சரிந்தாலும் நிற்கக்கூடியது பள்ளித் திடல் ஒன்றே. அதில்தான் நாம் புல் வளர்த்துக்கொண்டிருக்கிறோம்.

அமெரிக்கக் கல்லூரிகளைப் பாருங்கள். அங்கே ஆடப்படும் 'அமெரிக்கக் காற்பந்து' வேறு ஆட்டம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது. அதில் புரளும் பணமும் தலையில் படும் காயங்களும் நமக்கு வேண்டா. ஆனால், ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஆகஸ்டு இறுதியில் தொடங்கும் பருவத்தில், பெரும்பாலும் சனிக்கிழமைகளில், பெரிய கல்லூரிக் குழுக்கள் ஒவ்வொன்றும் 12 ஆட்டங்கள் ஆடுகின்றன. முதல் சனிக்கிழமை தோற்ற குழுவுக்கும் அடுத்த சனிக்கிழமை ஆட்டம் உண்டு. தோல்வியைத் திருத்திக்கொள்ள ஒரு வாரம் கிடைக்கிறது. பருவம் என்பது அதுதான். நம்முடையது பருவமன்று, ஒரு நாள் கூத்து.

ஆசிரியர்களே, வகுப்பறையில் ஒரு பிள்ளை முதல் கணக்கைத் தப்பாகச் செய்தால் "நீ போகலாம்" என்று வெளியே அனுப்புகிறோமா? திடலில் மட்டும் ஏன் அப்படிச் செய்கிறோம்?

"தேர்வு இருக்கிறதே!" என்பார்கள் பெற்றோர்கள். எந்தத் தேர்வு? யு.பி.எஸ்.ஆர். 2021இல் அகற்றப்பட்டது. தேர்வு போய்விட்டது, தேர்வுப் பயம் மட்டும் நம் வீட்டை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒரு விளையாட்டிலாவது ஈடுபட வேண்டும் என்ற கொள்கை 2011 முதல் இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் பலருக்கு அந்த விளையாட்டு, பாரத்தில் நிரப்பப்படும் ஒரு கட்டமாகவே இருக்கிறது. கல்வி வேண்டா என்று நான் சொல்லவில்லை. நானும் கணிதம் கற்பிப்பவன்தான். ஆனால், தோற்றுவிட்டு மறுவாரம் மீண்டும் வந்து நிற்பது எப்படி என்பதை எந்தப் பிரத்தியேக வகுப்பும் கற்றுத் தராது.

"தோட்டங்களே இல்லையே, திடலுக்கு எங்கே போவது?" என்பார்கள் சிலர். உண்மைதான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்த இடங்கள் உண்டு. மாலையில் பெரியவர்களும் சிறுவர்களும் கலந்து ஆடிய தோட்டத் திடல்கள் பல மறைந்தன. அதனால்தானே பள்ளி முன்வர வேண்டும் என்கிறேன்? தோட்டம் இருந்த காலத்தில் பிள்ளை தானாக ஆடக் கற்றான். இன்று நாம் ஏற்பாடு செய்யாவிட்டால் அவனுக்கு ஆட்டமே இல்லை.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன். என் வேண்டுகோள் இதுதான்:

1. மலாக்கா மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அருகருகே உள்ள பள்ளிகளை ஏழேழாகச் சேர்த்து மூன்று பிரிவாக்குவோம். ஒவ்வொரு பள்ளியும் மற்ற ஆறு பள்ளிகளோடும் ஒருமுறை ஆடட்டும். ஏழு சனிக்கிழமைகள் போதும். தோற்றாலும் வென்றாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு ஆட்டங்கள்.

2. மாணவர் குறைந்த தோட்டப் பள்ளிகளுக்காக எழுவர் ஆட்டமாக வைப்போம். பெண் பிள்ளைகளும் ஆடட்டும். அப்போதும் ஆள் போதாத பள்ளி, பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டொரு பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

3. கூடாரம் வேண்டா, பிரமுகர் வேண்டா, உரை வேண்டா. ஒரு பந்து, ஒரு ஊதல், ஒரு முதலுதவிப் பெட்டி, குடிக்கத் தண்ணீர். வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

4. பிரத்தியேக வகுப்பு நடத்துவோர் அந்த ஏழு சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்ற, பெற்றோர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். பணம் கட்டுகிறவர்கள் நீங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஆசிரியர்களின் வேலைப்பளு எனக்குத் தெரியும். சனிக்கிழமை நமக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. ஆயினும் ஏழு காலைகள்தாம்.

விளையாட்டு அறையின் பூட்டை நான் திறந்துவிட்டேன். பயிற்சி மீண்டும் தொடங்கிவிட்டது. பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களுள் மூவர் பெண்கள். எதிர்த்து ஆட ஒரு பள்ளி வேண்டும். முதலில் எந்தப் பள்ளி வருகிறது?

"அடுத்த ஆட்டம் எப்போது?" என்று இனி ஒரு பிள்ளை கேட்டால், "அடுத்த சனிக்கிழமை" என்று சொல்ல விரும்புகிறேன்.