ஆயத்தம் எப்பொழுது வரும்?

முல்லைத்தீவிலிருந்து ஒரு தங்கை எழுதிய கடிதம் இவ்வாரம் நமக்குக் கிடைத்தது. உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து, பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குத் தெரிவாகியிருக்கிறார். பதிவு செய்வதற்கு இன்னும் பத்து நாட்களே உள்ளன. "ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் துணிவு எனக்கில்லை. ஒரு வருடம் வீட்டிலிருந்து ஆயத்தப்படுத்திக்கொண்டு போகலாமென்றேன். ஐயா மூன்று நாட்களாக என்னோடு பேசுவதில்லை" என்று வருந்துகிறார்.

தங்கையே, உமது தந்தையாரின் மௌனத்தைக் கோபமென்று எண்ணவேண்டாம்; கைக்கெட்டியது நழுவிவிடுமோ என்ற கவலையே அது.

படிப்பை ஒத்திவைக்கத் தக்க காரணங்கள் உண்டு. கடும் நோய், பிள்ளைப்பேறு, படுக்கையிலிருக்கும் தாய்க்கு வேறு துணையின்மை ஆகியவற்றுக்கு ஒரு பெயருண்டு. எப்பொழுது நீங்குமென்று ஓரளவு கணக்கும் உண்டு. அத்தகையோர் பதிவு நாளுக்கு முன்னரே, வைத்தியச் சான்று முதலிய ஆதாரங்களுடன் பல்கலைக்கழகத்துக்கு எழுதி விசாரித்தல் வேண்டும். "ஆயத்தமில்லை" என்பதற்கோ முடிவு நாள் இல்லை.

உமது கடிதத்திலேயே விடை இருக்கிறது. பரீட்சை முடிந்து ஓராண்டுக்கு மேலாக வீட்டிலிருந்தீர். அக்காலத்தில் வாங்கிய ஆங்கில இலக்கண நூல் பன்னிரண்டாம் பக்கத்தோடு நின்றுவிட்டதென்று நீரே எழுதியிருக்கிறீர். இன்னுமோர் ஆண்டு கிடைத்தால் பதின்மூன்றாம் பக்கம் தானாகத் திரும்புமா?

இன்னொன்றையும் எண்ணிப் பாரும். பதியாது விட்ட இடம் உமக்காகக் காத்திராது. வெற்றிடங்களை நிரப்பும்போது பிறருக்குப் போய்விடும். உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்றலாம் என்பது உண்மையே. ஆயினும் அடுத்த ஆண்டு உமது மாவட்டத்து வெட்டுப்புள்ளி எங்கே நிற்குமென்று எவரால் உறுதி கூற முடியும்?

நானும் தமிழில் மட்டுமே படித்துவிட்டுப் பல்கலைக்கழகம் புகுந்தவன். முதல் மாதம் விரிவுரைகளிற் பாதி விளங்கவில்லை. விளங்காத சொற்களைக் காதில் விழுந்தவாறே தமிழெழுத்திற் குறித்து, இரவில் அகராதியைப் புரட்டுவேன். அடுத்த அறை நண்பனும் அவ்வாறே செய்கிறான் என்று அறிந்த அன்றே என் அச்சம் பாதி அகன்றது. அந்த நண்பன் வீட்டில் இருந்திருந்தால் எனக்குக் கிடைத்திருக்கமாட்டான்.

புதிய மாணவருக்கென ஆங்கில வகுப்புகளைப் பல்கலைக்கழகங்கள் நடத்துகின்றன, அவற்றைத் தவறவிடாதீர். இந்தப் பத்து நாட்களில் உமது இரசாயனப் பாடச் சொற்களை மாத்திரம், நாளொன்றுக்கு இருபதாக, ஆங்கிலத்திற் கற்றுக்கொள்ளும். பாடம் உமக்குத் தெரியும்; பெயர்களே புதியன.

இன்றிரவே தந்தையாரிடம் சென்று, "ஐயா, பதிவுக்கு என்னோடு வருவீர்களா?" என்று கேளும். மூன்று நாள் மௌனம் அக்கேள்வியோடு கலையும்.

போய் வாரும், தங்கையே. முதல் மாதம் முடிந்ததும் எமக்கு ஒரு கடிதம் எழுதும்.