கூட்டாளிக்கு எத்தனை மார்க்?

டாக்டருக்குப் படிக்கிற பையனுக்கு உடம்பில் 206 எலும்பு என்று தெரியும். பக்கத்தில் நிற்கிற நர்ஸுக்கு என்னென்ன தெரியும் என்பது தெரியாது. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 1996-ல் இதற்கு ஒரு வழி பண்ணினார்கள். ஒரு வார்டையே மாணவர்களிடம் ஒப்படைத்துவிட்டார்கள். டாக்டர், நர்ஸ், பிஸியோதெரபி மாணவர்கள் ஒன்றாகச் சேர்ந்து நிஜ நோயாளிகளைக் கவனிப்பார்கள். (பயப்படாதீர்கள், பின்னால் வாத்தியார்கள் உண்டு.)

சரி, சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொண்டார்களா? இதற்கு எப்படி ஸார் மார்க் போடுவது? 1999-ல் பார்செல், ப்ளை என்ற இருவர் 19 கேள்விகளோடு ஒரு படிவம் தயாரித்தார்கள். மற்றவர்களோடு சேர்ந்து படிப்பது நல்லதா என்கிற ரகம். எந்த மடையன் 'இல்லை' என்பான்? பல இடங்களில் கோர்ஸ் ஆரம்பிக்கும் முன்பே மார்க் உச்சத்தில். அப்புறம் எங்கே ஏறுவது? பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையிடம், 'பாத்திரம் தேய்ப்பீங்களா?' என்று கேட்கிற மாதிரிதான்.

2013-ல் காக்ரேன் அமைப்பு சலித்துப் பார்த்ததில் உருப்படியாகத் தேறிய ஆய்வுகள் 15. ஏழில் பலன், நாலில் ரெண்டுங்கெட்டான், நாலில் ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், ஒரு பொம்மை நோயாளியைப் படுக்க வைத்துவிட்டு ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம். பையன் மருந்தின் அளவைத் தப்பாக எழுதுகிறான். நர்ஸ் மாணவி வாயைத் திறக்கிறாளா? திறந்தால், அவன் 'தாங்க்ஸ் சிஸ்டர்' என்கிறானா, முறைக்கிறானா?

முறைத்தால் அரியர்ஸ்.