அலட்சியத்தின் விலையை யார் தருவது?

செய்தி நிறுவனங்கள், கல்லூரிகள், கடைகள் எனப் பலரும் தத்தம் இணையதளத்தை நடத்த உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்களையே நம்பியுள்ளனர். அவற்றுள் இலவசமாகக் கிடைக்கும் வேர்ட்பிரஸ், உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இயக்குகிறது.

இத்தகைய மென்பொருள்களில் அவ்வப்போது வெளிப்படும் குறைபாடு ஒன்றுண்டு. சர்வரையே ஏவலாளாக்கும் கோரிக்கை மோசடி அது. ஓர் அலுவலகத்தின் ஆவண அறைக்குள் வெளியாரைக் காவலர் விடமாட்டார். ஆனால், வெளியார் நீட்டும் துண்டுச் சீட்டைப் பார்த்து, உள்ளே பணிபுரியும் உதவியாளரே கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டால்? அந்த உதவியாளர்தான் சர்வர். தரப்படும் முகவரி வெளியிலுள்ளதா, நிறுவனத்துக்குள் இருப்பதா என்று சோதிக்காமல், அங்குள்ளதைக் கொண்டுவந்து தந்துவிடும்.

ஒரு தளம் மற்றொன்றைச் சுட்டும்போது தகவல் தெரிவிக்கும் வேர்ட்பிரஸின் 'பிங்பேக்' வசதியில் இக்குறை இருந்தது. 2013 ஜனவரியில் வெளியான 3.5.1 பதிப்பில் அது திருத்தப்பட்டது. திருத்தம் இலவசம், அதை நிறுவிப் பராமரிக்கும் உழைப்பு இலவசமல்ல. அந்த உழைப்பைத்தான் பலர் தள்ளிப்போடுகின்றனர்.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இதை வெறும் தொழில்நுட்பக் கோளாறாக நான் கருதவில்லை. கழிவை ஆற்றில் விடும் ஆலைக்குச் செலவு மிச்சம். நோய் கரையோர மக்களுக்கு. இதைப் புறவிளைவு என்கிறோம். பராமரிப்பைப் புறக்கணிக்கும் நிறுவனத்தின் சேமிப்பும் அத்தகையதே.

2019-இல் அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கியில் நேர்ந்தது இதற்குச் சான்று. அங்கே மென்பொருள் வேறு, உத்தி இதுவே. சுமார் 10 கோடி அமெரிக்கர்கள், 60 லட்சம் கனடியர்களின் விவரங்கள் களவாடப்பட்டன. மார்ச்சில் நடந்த ஊடுருவலை ஜூலையில் வெளியாள் ஒருவர் சொல்லித்தான் வங்கி அறிந்தது. 2020-இல் ஒழுங்காற்று அமைப்பு விதித்த 8 கோடி டாலர் அபராதம் அரசுக் கருவூலத்துக்குச் சென்றது. வாடிக்கையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில் 19 கோடி டாலர் தரவும் வங்கி உடன்பட்டது.

நம் நாட்டில் இந்த இரண்டாவது வழி அடைபடுகிறது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைக் காக்கத் தவறினால் ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்கலாம். ஆனால், அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். பாதிக்கப்பட்டவர் இழப்பீடு பெற வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டம் வகை செய்கிறது. தரவைப் பறிகொடுப்பவர் குடிமகன்; தண்டத்தைப் பெறுவது அரசு. இது என்ன நியாயம்?

சிறு நிறுவனங்கள் இழப்பீட்டுச் சுமையைத் தாங்குமா என்று கேட்கலாம். அலட்சியத்தின் அளவுக்கும் வருவாய்க்கும் ஏற்ப அதை வரையறுக்க முடியும். இழப்பீட்டு உரிமையே இல்லை என்பதுதான் ஏற்கவியலாதது. அதைச் சட்டத்தில் மீண்டும் சேர்ப்பது நாடாளுமன்றத்தின் கடமை. திருத்தத்தை நிறுவும் செலவைவிட நிறுவாதிருப்பதன் செலவு மிகும்போதுதான் அலட்சியம் குறையும்.